செங்கல் இல்லாமல், ஆள் இல்லாமல்: புத்தகக் கடைகளில் நின்றவர்கள் பற்றி

எங்கள் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பாதையில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஊரைத் தெரியாது, ஊரிலுள்ள குடைவரையைத் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அதிலிருக்கிற வடமொழிக் கல்வெட்டு சின்னது. பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எல்லோரும் அதன் சாரத்தைக் கேட்டிருப்பார்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் என்கிற அரசன் இதை ஆக்குவித்தான் என்பது செய்தி. எதெல்லாம் இல்லை என்று கணக்குச் சொல்கிற கல்வெட்டு அது. அரசன் பெயர் இருக்கிறது, தெய்வங்களின் பெயர் இருக்கிறது, பயன்படுத்தாத பொருள்களின் பட்டியல்கூட இருக்கிறது. பாறையைக் குடைந்தவர்கள் மட்டும் அந்த 'இல்லாத'வைகளின் பட்டியலில்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்து சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இரும்பு இல்லாம செஞ்சாங்களா? அப்ப உளி எங்க போச்சு? நகத்தால கீறுனாங்களா?" என்று கேட்டார். கல்வெட்டு சொல்வது கட்டுமானப் பொருளை, கருவியை அல்ல என்று ஆய்வாளர்கள் பதில் சொல்வார்கள், அது சரியும்கூட. ஆனால் சித்தப்பா கேட்டது தொல்லியல் கேள்வி இல்லை. (இந்த இடத்தில் பிரெக்டை இழுத்து வருவது நம் பத்திரிகைகளின் வழக்கம். எனக்குச் சித்தப்பா போதும்.)

நான் எழுத வந்தது புத்தகக் கடைகளைப் பற்றி. குறிப்பாக, நொடித்துப்போகிற கடைத்தொடர்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றி. ஒரு புத்தகக் கடை மூடப்படும்போது நம்மவர்கள் எழுதுகிற இரங்கல் கட்டுரைகளைக் கவனித்திருக்கிறீர்களா? காகித வாசனை வரும். எந்த அலமாரியில் எந்த ஆண்டு எந்த நாவலைக் கண்டெடுத்தேன் என்கிற தகவல் வரும். கடை முதலாளியின் ரசனை வரும். "ஒரு காலகட்டம் முடிந்தது" என்பது தவறாமல் வரும். ஏணி போட்டு ஏறி அந்த நாவலை எடுத்துக் கொடுத்த ஆள் வரமாட்டார். அவர் மறுநாள் எங்கே போனார், கடைசி மாதச் சம்பளம் கைக்கு வந்ததா என்பது வரவே வராது. இந்த இரங்கல் சொல்லாடல் ஒரு கல்வெட்டைப் போலத்தான் இயங்குகிறது: ஆக்குவித்தவன் பெயரும் தெய்வத்தின் பெயரும் போதும். இங்கே தெய்வம் 'வாசிப்பு'.

சித்தப்பா விழுப்புரத்தில் ஒரு வார இதழ் ஏஜெண்டிடம் ஆளாக இருந்தவர். சம்பளம் கிடையாது, விற்றதற்குக் கமிஷன். விழுப்புரம் ஜங்ஷன் ஐந்து திசைகளிலிருந்து தண்டவாளம் வந்து கூடுகிற இடம். மீட்டர்கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரைக்கும்தான் மின்சார இஞ்சின். அங்கே அதைக் கழற்றிவிட்டு வேறு இஞ்சின் மாட்டுவார்கள். அந்த நேரம்தான் சித்தப்பாவின் ஜீவனம். ராணி, குமுதம், விகடன், மாலைமதி என்று கைநிறைய அடுக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவார். 1990-களின் கடைசியில் அகலப்பாதை வந்தது, பிறகு மின்மயமும் மேலே நீண்டது, வண்டி நிற்கிற நேரம் சுருங்கியது. எந்தப் பத்திரிகையிலும் யாரும் இதை ஒரு பண்பாட்டு நிகழ்வாக எழுதவில்லை. "வண்டி நின்னாத்தானே வாசகன்?" என்றார் சித்தப்பா. வாசிப்பின் சமூகவியல் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதுவும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

ரயிலும் புத்தகமும் சேர்ந்த கதை பழையது. வடக்கே 1877-இல் அலகாபாத்தில் தொடங்கிய ஏ.எச்.வீலர், தெற்கே ஹிக்கின்பாதம்ஸ். இரண்டாவதின் தொடக்கம் நம் விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. மதராஸில் வெஸ்லியன் மிஷனரிமார் நடத்திய புத்தகக் கடை நட்டத்தில் விழுந்தது. அதை விற்றுவிட முடிவு செய்தார்கள். அங்கே நூலகராக வேலை பார்த்த ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் அதை வாங்கி 1844-இல் தன் பெயரில் நடத்த ஆரம்பித்தார். ஆக, தென்னிந்தியாவின் மிகப் பழைய புத்தகக் கடைத்தொடர் ஒரு நொடித்த கடையிலிருந்து, அதன் ஊழியர் ஒருவர் கையில் பிறந்தது. ஊழியர் முதலாளியான அந்த ஒரு கதை நூற்றி எண்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. மற்ற ஊழியர்களுக்குக் கதை இல்லை. மவுண்ட் ரோட்டின் வெள்ளைக் கட்டடம் 1904-இல் எழுந்தது, பிற்பாடு நிறுவனம் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்குப் போனது, ரயில் நிலையந்தோறும் கடை வைத்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

ரயில்நிலையக் கடையின் தனித்தன்மை உரிமம். இடம் ரயில்வேயுடையது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வரைக்கும்தான் கடை. 2004-இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது பழைய நிறுவனங்களின் ஏகபோகத்தை முடிக்கிற புதிய புத்தகக்கடைக் கொள்கை வந்தது. ஏகபோகம் ஒழிவதில் நமக்கு ஆட்சேபம் இருக்க முடியாது. 2017-இல் இன்னொரு கொள்கை: புத்தகக் கடை, மருந்துக் கடை, சில்லறைப் பொருள் கடை எல்லாவற்றையும் சேர்த்துப் 'பல்பொருள் ஸ்டால்' ஆக்கினார்கள். இப்போது நடைமேடையில் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் சிப்ஸ் பொட்டலத்துக்கும் பின்னால் நாலு புத்தகம் தெரிகிறது. முப்பது வருஷம் புத்தகம் விற்றவருக்கு மூளைக்குள் ஒரு நூலகம் இருக்கும். எந்த வண்டியில் வருகிறவர் என்ன கேட்பார் என்று தெரியும். அது சிப்ஸ் விற்கப் பயன்படாது. தொழிலாளியின் திறன் ஒரே சுற்றறிக்கையில் செல்லாக்காசு ஆவது என்றால் இதுதான்.

மூலதனம் மூன்றாம் தொகுதியில் வணிகத் தொழிலாளர் பற்றி மார்க்ஸ் எழுதிய பக்கங்களை நம் இடதுசாரிகள் அதிகம் புரட்டுவதில்லை, ஆலைத்தொழிலாளி அங்கே இல்லை என்பதாலோ என்னவோ. கடைச் சிப்பந்தி உபரி மதிப்பை நேரடியாகப் படைப்பதில்லை. ஆனால் கூலி கொடுக்கப்படாத அவருடைய உழைப்புதான் வணிக மூலதனம் தன் பங்கை அள்ளிக்கொள்ள வழிசெய்கிறது என்கிறார். அடுத்து ஒன்று சொல்கிறார்: இந்த ஊழியர்கள் ஓரளவு நல்ல கூலி பெறுகிறவர்களாகத் தொடங்குவார்கள், கல்வி பரவப் பரவ அதே வேலைக்குத் தகுதியானவர்கள் பெருகி அந்தக் கூலி இறங்கும். விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் படித்துவிட்டு வந்த எங்கள் தலைமுறைக்கு இது ஆரூடம் மாதிரி இருந்தது. பி.ஏ. படித்தவன் புத்தகக் கடைக்குப் போவான், எம்.ஏ. படித்தவனும் போவான், சம்பளம் ஒன்றுதான்.

நானும் போனேன். 1996-லிருந்து 1999 வரைக்கும் ஒரு கடைத்தொடரின் விழுப்புரம் கிளையில். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது அது இல்லை, இருந்தவர்கள் பதில் சொல்லவும் வரமாட்டார்கள். வடதமிழ்நாட்டில் ஆறு கிளை. எங்கள் கிளையில் ஆறு பேர். காலையில் கடையைக் கூட்டி, லாரி ஆபீசிலிருந்து பண்டலை சைக்கிளில் கட்டி எடுத்து வந்து, பிரித்து, பில்லோடு ஒத்துப் பார்த்து, அடுக்கி, ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்குகிற வேலை. உட்கார ஒரே ஒரு நாற்காலி, அது மேனேஜருடையது. ஜூன் மாதம் நோட்ஸ் விற்பனை. அந்த ஒரு மாதம்தான் கடை முழு வருஷத்துக்கும் மூச்சு விடுகிற மாதம். நாங்கள் இலக்கியம் என்று அடுக்கிய அலமாரியை நோட்ஸ்தான் தாங்கியது. மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுப்போம். காணாமல் போன புத்தகத்தின் விலையை ஆறு பேர் சம்பளத்தில் பங்கு போட்டுப் பிடிப்பார்கள். திருடிப் படித்த இலக்கிய நண்பர்களில் சிலர் இன்றைக்குப் பெரிய எழுத்தாளர்கள். அவர்கள் அதைப் பேட்டிகளில் ரசமாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வேலை கேட்டுப் போன அன்றைக்கு மேனேஜர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். எந்த ஊர் என்றார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னேன். "அப்ப நீ குடோன் பாத்துக்கப்பா" என்றார். கவுண்டர் ஒரு பக்கத்துக்காரர்களுக்கு, குடோன் இன்னொரு பக்கத்துக்காரர்களுக்கு. குடோனில் ஃபூக்கோ வரைக்கும் கட்டுக்கட்டாக இருந்தது. நான் படித்ததெல்லாம் அங்கேதான். 1978-இல் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்ட ஊர் விழுப்புரம். அந்த ஊரில் ஒரு புத்தகக் கடைக்குள் சாதி எப்படி நுழைந்தது என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். முற்போக்குப் புத்தகங்கள் நிறைய விற்ற கடை அது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

அந்த வேலைக்கான கூலியின் ஒரு பகுதி பாராட்டாகத் தரப்பட்டது. "புத்தகத்துக்கு நடுவுல வேலை, குடுத்து வச்சிருக்கணும் தம்பி" என்று வருகிறவர்களெல்லாம் சொல்வார்கள். மேனேஜர் இதைச் சம்பள உயர்வு கேட்கிற நாளில் சொல்வார். பூர்தியூ சொல்கிற பண்பாட்டு மூலதனம் இதுதான் என்றால், அதை மளிகைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியாது என்பதையும் யாராவது எழுத வேண்டும். இயக்கம் சார்ந்த கடைகளில் இந்தப் பாராட்டு 'அர்ப்பணிப்பு' என்ற பெயரில் வரும். அறிவு விற்கிற இடத்தில் கூலி பேசுவது கொச்சை என்கிற கருத்தியல் முதலாளிக்கும் தோழருக்கும் பொதுச்சொத்து.

இடதுசாரிப் புத்தகக் கடைகளின் நெருக்கடியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அங்கே வளர்ந்தவர்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் 1951-இல் தொடங்கப்பட்டது. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள், கெட்டி அட்டை, நம்ப முடியாத மலிவு விலை. ஊர் ஊராகப் போகிற புத்தக வண்டி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டால்ஸ்டாயும் கார்க்கியும் வீட்டுக் கூரையில் செருகப்பட்டிருந்ததற்கு அதுதான் காரணம். அந்த விலை சந்தை விலை அல்ல, ஓர் அரசு தாங்கிய விலை. 1991-இல் அந்த அரசே இல்லாமல் போனது. சரக்கு நின்றது. நாம் அப்போது எழுதிக் குவித்தது சோசலிசத்தின் எதிர்காலம் பற்றி. பெருங்கதையாடல்கள் சரிந்தன என்று நானும் ஆள்காட்டி விரலை நீட்டி எழுதியவன்தான். சோவியத் புத்தகத்தை நம்பி வாழ்ந்த விற்பனையாளர்களுக்கு என்ன சரிந்தது என்று ஒரு பத்தி எழுதத் தோன்றவில்லை. என்.சி.பி.எச். சொந்தப் பதிப்புகளைப் பெருக்கி நிமிர்ந்துகொண்டது, இன்றைக்கும் கிளைகளோடு நடக்கிறது. அந்த மாதிரித் தாங்கும் சக்தி இல்லாத சின்னக் கடைகள் எத்தனையோ போயின.

அதே பத்தாண்டில் சென்னையில் வேறு ஜாதிக் கடைகள் எழுந்தன. லேண்ட்மார்க் 1987-இல் நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்தது. குளிரூட்டிய தரைத்தளம், யாரும் விரட்டாமல் நின்று படிக்கலாம் என்பது அப்போது அதிசயம். 2005-இல் டாடா குழுமத்தின் டிரென்ட் அதன் பெரும்பங்கை வாங்கியது. அடையாற்றில் தொடங்கிய ஒடிசியை டெக்கான் குரோனிகிள் நிறுவனம் வாங்கியதும் அந்த வருஷம்தான். பத்திரிகை, புத்தகக் கடை, அப்புறம் ஒரு கிரிக்கெட் அணி என்று சேர்த்த அந்த நிறுவனம் 2012-இல் கடனில் மூழ்கியது. கிரிக்கெட் அணி பறிபோனது தலைப்புச் செய்தியாயிற்று, ஒடிசிக் கிளைகள் சுருங்கியது ஆறாம் பக்கச் செய்தி. லேண்ட்மார்க்கில் புத்தக அலமாரிகளின் இடத்தைப் பொம்மையும் பரிசுப்பொருளும் பிடித்துக்கொண்டே வந்தன, 2010-களில் சென்னையின் பழைய கடைகள் மூடப்பட்டன. ஃபிலிப்கார்ட் 2007-இல் தொடங்கியது புத்தகத்தை வைத்துத்தான். அமேசான் 2013 ஜூனில் இந்தியத் தளத்தைத் திறந்தபோதும் புத்தகம்தான் முன்னால் நின்றது. புத்தகம் கெடாது, உடையாது, அளவு தெரியும், விலை அச்சிட்டிருக்கும். கூரியரில் அனுப்பிப் பழக அதைவிட நல்ல பண்டம் இல்லை. பழகியாயிற்று, இப்போது அரிசி பருப்பு அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவின் போர்டர்ஸ் கதையை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2001-இல் தன் இணைய விற்பனையை அமேசானிடமே ஒப்படைத்த நிறுவனம் அது. 2011 பிப்ரவரியில் திவால் மனு, ஜூலையில் மிச்சமிருந்த 399 கடைகளையும் கலைப்பது என்று முடிவு. ஏறக்குறைய 10,700 பேருக்கு வேலை போனது. பிரிட்டனில் அதே பெயரில் நடந்த தனி நிறுவனம் 2009 டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் முன்னால், 45 கடைகளையும் மூடியது. தள்ளுபடி விற்பனையை நடத்தியதே வேலை போகப்போகிற ஊழியர்கள்தான். தன் வேலையைத் தானே கிலோ கணக்கில் விற்று முடிப்பது என்கிற அனுபவம் எனக்கும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கடைத்தொடர் 1998-லேயே ஆட்டம் கண்டுவிட்டது. சம்பளம் ஐந்தாம் தேதியிலிருந்து பதினைந்தாம் தேதிக்கு நகர்ந்தது, பிறகு இரண்டு தவணையானது. நூலக ஆணை வந்ததும் சரியாகிவிடும் என்றார்கள். வதந்தி ஒரு வேலைநேர ஒழுங்கு மாதிரி கடைக்குள் நிலைத்துவிட்டது. முதலாளி காரில் வந்தால் கிளை மூடப்போகிறார்கள், வராவிட்டாலும் மூடப்போகிறார்கள். எந்தப் பதிப்பகம் பண்டல் அனுப்புவதை நிறுத்தியது என்று பார்த்து நாங்கள் எங்கள் ஆயுளைக் கணித்தோம். வேலை போவதைவிட, போகுமா என்று தெரியாமல் காலையில் கடையைக் கூட்டுவது கஷ்டம். அப்படிப்பட்ட நாளில் யாரும் சம்பளம் கேட்கமாட்டார்கள், லீவு கேட்கமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள். நிச்சயமின்மை என்பது நிர்வாகத்தின் தோல்வி அல்ல, அதுவே ஒரு நிர்வாக முறை என்று அப்போது விளங்கியது.

சங்கம் வைக்கலாம் என்று கவுண்டரில் இருந்த அக்கா ஒருவர் சொன்னார். எங்களில் மூத்தவர், ஒன்பது வருஷ சர்வீஸ். அன்றைக்கு நடப்பில் இருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவு செய்ய ஏழு பேர் தேவைப்பட்டார்கள். நாங்கள் ஆறு பேர். ஏழாவது ஆளைத் தேடித் திண்டிவனம் கிளைக்குப் போனோம். ஒருத்தர் சம்மதித்தார். அடுத்த மாதம் திண்டிவனம் கிளையைத்தான் முதலில் மூடினார்கள். இது தற்செயலா என்று எனக்குத் தெரியாது. போர்ட்லண்டின் பவல்ஸ் கடைக்காரர்கள் 1999-இல் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தார்கள், நியூயார்க் யூனியன் ஸ்குயரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் ஊழியர்கள் 2023-இல் சங்கத்துக்கு வாக்களித்தார்கள் என்று படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அங்கே ஒரே கூரையின் கீழ் எத்தனை பேர் என்பதுதான். நம் கடைத்தொடர்கள் ஆளைப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் செயல்பாட்டாளர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதால் கொஞ்சம் விரிக்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் (அல்லது அதற்கீடான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது என்கிறது. 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. கடைகளும் அதில் அடக்கம். எங்கள் நிறுவனம் இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. எட்டு மாதம் கம்பெனி பெயரில், அடுத்த எட்டு மாதம் 'கண்காட்சிப் பிரிவு' என்று வேறொரு பெயரில் சம்பளச் சீட்டு. அதே கடை, அதே ஏணி, அதே ஆள். எந்தப் பெயரிலும் கணக்கு 480-ஐத் தொடாது. புத்தகக் கண்காட்சி ஸ்டால்களில் பத்து நாள் கூலிக்கு நிற்கிற பையன்களைப் பார்க்கும்போது அந்தச் சம்பளச் சீட்டு ஞாபகம் வருகிறது. அவர்களுக்குச் சீட்டுகூடக் கிடையாது.

மூடுவதைப் பற்றி அன்றைக்கு நடப்பில் இருந்தது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலை, சுரங்கம், தோட்டம் என்றால் மூட அரசின் அனுமதி வேண்டும். கடை இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஆயிரம் பேர் வேலை பார்த்தாலும் அனுமதி தேவைப்படாது. ஆனால் இழப்பீடு உண்டு: ஒவ்வொரு வருஷ சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம். தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடினால் மட்டும் மூன்று மாதச் சம்பளத்தோடு முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். எதெல்லாம் தவிர்க்க முடியாத சூழ்நிலை ஆகாது என்று அந்தப் பிரிவின் விளக்கம் பட்டியல் போடுகிறது. நிதி நெருக்கடி ஆகாது. விற்காத சரக்குத் தேங்கியது ஆகாது. குத்தகையோ உரிமமோ காலாவதியானது ஆகாது. புத்தகக் கடைகள் மூடப்படும்போது சொல்லப்படுகிற மூன்று காரணங்களும் இவைதான்! யாரோ புத்தகக் கடையை நினைத்துக்கொண்டே எழுதினாற்போல் இருக்கிறது. இதை 1999-இல் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. குடோனில் நாலு கட்டுச் சட்டப் புத்தகம் இருந்தது, நான் ஃபூக்கோ படித்துக்கொண்டிருந்தேன். 2020-இல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அனுமதிக்கான நூறு முந்நூறாக உயர்ந்தது, கடை இப்போதும் வெளியேதான் நிற்கிறது.

இழப்பீடு பெறுவதற்கு முதலில் நாம் 'தொழிலாளி' என்று நிரூபிக்க வேண்டும். அதனால்தான் பெரிய கடைகள் ஆளுக்கொரு 'எக்ஸிகியூட்டிவ்' பட்டம் கொடுக்கின்றன. 2020 ஊரடங்கின்போது சம்பளம் பிடிக்கக்கூடாது என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது, மே 18-இல் அதைக் கைவிட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது உச்சநீதிமன்றம். ஆறு பேர் யாரோடு உட்கார்ந்து பேசுவது?

கடைசியாக நம்மைப் பற்றி. சிறுபத்திரிகைக்காரர்கள் பத்துப் பிரதி, இருபது பிரதி கடையில் வைத்துவிட்டுப் போவோம், விற்றால் காசு. கடை நொடித்தால் அந்தப் பாக்கி போனதுதான். இதைப் பற்றி நாம் நிறையப் புலம்பியிருக்கிறோம். எங்கள் கிளை மூடிய வாரத்தில் பதினோரு பேர் பிரதியைத் திரும்ப எடுக்க வந்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், எல்லோரும் மார்க்சியமோ தலித்தியமோ பேசியவர்கள். அவரவர் கட்டை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். கட்டிக் கொடுத்தவன் நான். "அப்புறம் என்ன பண்ணப் போறே?" என்று ஒருத்தர் கேட்டார். அவருடைய பெயரை மட்டும் எழுத ஆசைதான், வேண்டாம். மற்ற பத்துப் பேரும் சைக்கிளில் ஏறிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அடுத்த இதழுக்கு நான் கொடுத்த கட்டுரை அதிகாரமும் உடலும் பற்றியது. அதில் சம்பளம் என்கிற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை.

அக்காவைப் போன வருஷம் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பார்த்தேன். சேலைப் பிரிவில் நிற்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியதே, நடக்கிறதா என்று கேட்டேன். "ஸ்டூல் போட்டிருக்காங்கப்பா. உக்காந்தா சூப்பர்வைசர் பாக்கறாரு. பாத்தா எழுந்துக்கறோம்." பேசிக்கொண்டிருக்கும்போதே, "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும், வூட்டுக்கு வா" என்றார்.

போனேன். அலமாரிக்கு மேலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். எங்கள் கிளையின் வருகைப் பதிவேடு. கடைசி நாளன்று எல்லோரும் புத்தகம் எடுத்துப்போகிறார்கள் என்று மேனேஜர் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இதைச் சேலைக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறார். எந்தப் பெயரில் சம்பளச் சீட்டு வந்திருந்தாலும் பதிவேடு ஒன்றுதான். ஒன்பது வருஷம், ஒவ்வொரு நாளும், ஆறு பேர் கையெழுத்து. இடையில் வந்துபோன பையன்களின் பெயர்கூட இருந்தது. என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"பணிக்கொடைக்கு இத வச்சி இப்ப எழுதிப்போட்டா எடுத்துப்பாங்களா? நீதான் படிச்சவனாச்சே" என்றார். ஐந்து வருஷம் தாண்டினால் பணிக்கொடை உண்டு, அன்றைக்கு நடப்பில் இருந்தது 1972-ஆம் வருஷச் சட்டம், ஆனால் பத்துப் பேராவது வேலை செய்த நிறுவனமாக இருக்க வேண்டும், ஆறு கிளையையும் சேர்த்தால் இருக்கிறது, தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். இருபத்தைந்து வருஷத் தாமதத்தையா, யார் மேல் போடுவது, கம்பெனியே இல்லையே என்றதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டை வாங்கிப் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போவதாக இருக்கிறோம். அவருக்கு அன்றைக்கு லீவு கிடைக்க வேண்டும்.